ஏணையும் தையல் மெஷினும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“வீட்டுத் தையலும் கைவேலையும்: சிறு பிள்ளைகளின் தாய்மாருக்கு” என்ற தலைப்பை விழாக் குழு தந்தபோது எங்கள் வகுப்புத் தோழிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். காரணம் உண்டு. மேடையில் நிற்கும் இந்த வைத்தியரின் ஒன்பதாம் வகுப்புக் கைவேலைக்கு மனைப்பொருளியல் டீச்சர் 40 புள்ளி போட்டார். போட்டுவிட்டு, “நீ மனிசரைத் தைக்கப் படிம்மா, துணியை மற்றப் பிள்ளைகள் தைக்கட்டும்” என்று சொன்னார். டீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். டீச்சர், சொன்னபடியே நடந்துவிட்டது. ஆனால் துணியை முழுதாக விட்டுவிடவும் முடியவில்லை.

இந்த உரை முழுவதிலும் “நாங்கள்” என்றே பேசப்போகிறோம். 1995இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பில் ஏழு பேர் சேர்ந்து செய்த வேலை இது. வெட்டியவள் ஒருத்தி, தைத்தவள் ஒருத்தி, பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவள் வேறொருத்தி. அதில் ஒருத்தி மட்டும் “நான்” என்று சொல்லி மேடையில் நின்றால் மற்ற ஆறு பேரும் வீட்டுக்கு வந்து கணக்குக் கேட்பார்கள்.

முதலில் இடத்தைச் சொல்கிறோம். புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய பாதையில் வடக்கே போனால் வண்ணாத்திவில்லு வரும். அதையும் தாண்டினால் எலுவன்குளம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் வில்பத்துச் சரணாலயத்தின் தெற்கு வாசல் என்ற பெயரில் அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கலா ஓயா கடலேரியில் விழும் இடம் பக்கத்தில்தான். கங்கேவாடியில் கண்டல் காடு அடர்ந்து நிற்கும், வள்ளங்கள் கட்டிக் கிடக்கும். மழைக்காலத்தில் மேலே இராஜாங்கனைக் குளத்தின் கதவுகளைத் திறந்தால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தை வெள்ளம் மூடிவிடும். அந்த நாட்களில் போக்குவரத்து நின்றுவிடும். கஜு, மீன், சேனைப் பயிர், கூலி வேலை, இவைதான் பிழைப்பு. தமிழும் சிங்களமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து கேட்கும். கிளினிக் நாளில் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிளினிக் கார்டை உறையோடு பொத்திப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் அந்தத் தாய்மாரை அறிந்தது அப்படித்தான்.

ஆனால் கதை எலுவன்குளத்தில் தொடங்கவில்லை. எங்கள் தாய்மாரிடம் தொடங்குகிறது.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் அப்படி வந்த பிள்ளைகள். மன்னார்த் தீவிலிருந்து ஒருத்தி வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கினாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். அது ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்தில் தையற்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல. எங்கள் வாப்பாவும் தையற்காரர். வீட்டில் உம்மாவுக்கென்று ஒரு கால் மெஷின் இருந்தது. கதவைப் பூட்டும்போது உம்மா திரும்பி ஓடிப்போய் மெஷினிலிருந்து பொபின் கேஸைக் கழற்றி எடுத்துக்கொண்டார். “நாலு நாளையில வந்திருவோம். அதுக்குள்ள யாரும் தச்சு மெஷினைக் கெடுத்துப்போடுவாங்க” என்று சொன்னார். பொபின் கேஸ் என்பது பெருவிரல் அளவு இரும்பு. சோதித்தவர்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நாலு நாள் என்று நினைத்தது முப்பது வருடத்தையும் தாண்டிவிட்டது.

புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் எங்கள் தாய்மார் கையால் தைத்தார்கள். நிவாரணமாக வந்த சட்டைகள் எதுவும் அளவாக இருக்காது. பெரியவர் சட்டையைப் பிரித்தால் இரண்டு பிள்ளைச் சட்டை வரும். மா வந்த சாக்கைத் துவைத்து உள்பாவாடை தைத்தார்கள். நடுவில் ஏணை தொங்கும். காலால் அதை ஆட்டிக்கொண்டே கையால் ஊசி போடுவார்கள். புத்தளத்து ஊர்ப் பெண்கள் பன் பாய் இழைக்கவும் கிடுகு பின்னவும் எங்கள் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் தாய்மார் அவர்களுக்குக் கழுத்து வெட்டவும் கை வைக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் சண்டையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசிக்கும் ஓலைக்கும் சண்டை வந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அந்தக் காலத்தில்தான் இந்தப் பாடசாலை எங்களைச் சேர்த்துக்கொண்டது. தையல் பாடத்துக்கு ஒன்றரை யார் பொப்ளின் துணி கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று பேர் கொண்டுவரவில்லை. டீச்சர் வகுப்புக்கு முன்னால் ஏன் என்று கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து, “இந்த வெட்டுத்துண்டெல்லாம் இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்குது. யாராவது மூணு பேர் இதை ஒட்டித் தச்சுத் தந்தா எனக்குப் பெரிய உதவி” என்றார். அன்று துண்டு ஒட்டிய தலையணை உறைதான் வகுப்பிலேயே அழகாக வந்தது. 40 புள்ளி வாங்கியது வேறு விடயம். உதவி செய்வதை உதவி கேட்பதுபோலச் செய்யலாம் என்பதை நாங்கள் கற்றது அந்த அலுமாரியடியில்தான்.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. முகக்கவசம் கடையில் இல்லை. எங்கள் தோழிகள் அவரவர் வீட்டில் பழைய பருத்தித் துணியில் மூன்று மடிப்பு வைத்துத் தைக்கத் தொடங்கினார்கள். எலாஸ்டிக் கிடைக்காதபோது ரீ சேட் கரையை நறுக்கி இழுத்தால் அது சுருண்டு நல்ல நாடாவாகும் என்று எலுவன்குளத்து இளம் தாய் ஒருத்தி எங்களுக்குக் காட்டித் தந்தாள். கற்றுக் கொடுக்கப்போன நாங்கள் கற்றுக்கொண்டு திரும்பினோம். 2022இல் விலைகள் ஏறியபோது கடையில் நாப்கின் ஒரு பொதியின் விலையைக் கேட்டுவிட்டுத் தாய்மார் பொதியைத் திரும்ப வைத்தார்கள். அப்போதுதான் மாதம் ஒருமுறை, கிளினிக் முடிந்த பிறகு, ஒரு வீட்டுத் திண்ணையில் கூடித் தைப்பது என்று தொடங்கினோம். சங்கம் என்றோ திட்டம் என்றோ பெயர் வைக்கவில்லை. அங்கே அதைத் “திண்ணை” என்றுதான் சொல்கிறார்கள்.

திண்ணையில் என்ன தைக்கிறோம்?

முதலாவது பழைய சாரத்தில் குழந்தைக்கு நாப்கின். பல தடவை துவைத்த சாரத்துக்கு இணையான மென்மை புதுத் துணியில் கிடையாது. இரண்டாவது கால் துடைப்பான். ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டு கிலோக் கணக்கில் விற்பனைக்கு வரும். 1978இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் திறந்து, 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்குப் போனதிலிருந்து இந்த நாட்டின் எந்த மூலையிலும் அந்தத் துண்டுகளைக் காணலாம். ரீ சேட் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, சடை பின்னுவதுபோல மூன்று புரியாகப் பின்னி, அதை நத்தை ஓடுபோலச் சுற்றிச் சுற்றி அடியில் தையல் போட்டு வந்தால் முடிந்தது. மெஷின் தேவையில்லை. பிள்ளை அழுதால் அப்படியே போட்டுவிட்டு எழும்பலாம், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்கலாம். கைப்பிள்ளைக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. அளவெடுத்து வெட்டும் வேலை பாதியில் நின்றால் துணி பாழாகும். பின்னும் வேலை காத்திருக்கும்.

மூன்றாவது மாதவிடாய்த் துணி அணையாடை. இதைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டவர்கள் உண்டு. பெண்கள் பாடசாலைப் பழைய மாணவிகள் சபையில் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது? 2018 செப்டெம்பர் வரை இறக்குமதியாகும் அணையாடைக்கு நம் நாட்டில் நூறு வீதத்துக்கு மேல் வரி இருந்தது. பிறகு குறைத்தார்கள், ஆனாலும் ஏழை வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தால் அந்தச் செலவு தாங்காது. வெளியே பருத்தி, உள்ளே பழைய துவாயில் மடிப்பு, இரண்டு பக்கச் சிறகில் பிரஸ் பட்டன். தைப்பது எளிது, துவைத்துக் காயவைப்பதில்தான் பிரச்சினை. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரம் போட்டு, நல்ல வெயிலில் முழுதாகக் காய வேண்டும். வெட்கத்தால் வேறு உடுப்புக்கு அடியில் ஒளித்து உலர்த்துகிறார்கள். ஈரத்தோடு கட்டுவதால் அரிப்பும் தொற்றும் வருகின்றன. இப்போது திண்ணையில் பூப்போட்ட சீத்தைத் துணியில் தைக்கிறோம். கொடியில் போட்டால் கைக்குட்டைபோல இருக்கும். எல்லாருடையதும் ஒரே வெயிலில் காய்கிறது.

நாலாவது விளையாட்டுப் பொருள். துணிப் பொம்மை, துணிப் புத்தகம், மணல் வாசம் போகாத சிப்பி வைத்த கிலுக்கு. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பிள்ளை பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சின்னப் பொருளை எடுக்கப் பழகும். துணிப் புத்தகத்தில் ஒரு பக்கம் சொரசொரப்பான சாக்கு, ஒரு பக்கம் வழுக்கும் சட்டின், ஒரு பக்கம் திறந்து மூடும் பை வைத்தால் அந்த விரலுக்கு அதுவே பாடம். விலை கொடுத்து வாங்கும் பொம்மை தேவையில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு “இது என்ன? இது சாக்கு” என்று பேசும் ஒருவர் தேவை. அந்த ஒருவர் வாப்பாவாகவும் இருக்கலாம்.

இப்போது வைத்தியராகச் சில விடயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தவறு நடந்தது வைத்தியர் வீட்டில்தான். எங்கள் இரண்டாவது மகனுக்கு அப்போது இரண்டரை வயது. துணி அணையாடைக்குப் பிரஸ் பட்டன் வைத்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. இரண்டு நிமிடம். திரும்பி வந்தால் பெட்டியில் ஒரு பட்டன் குறைகிறது, பிள்ளை மூக்கைத் தேய்க்கிறான். வைத்தியம் படித்த கை நடுங்கியது. மாமி சாமணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல வேளை, அதைத் தடுக்கும் அளவுக்குப் புத்தி இருந்தது. சாமணம் போட்டால் பொருள் உள்ளேதான் போகும். வைத்தியசாலையில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்த டொக்டர் எங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

அன்றிலிருந்து திண்ணையில் ஒரு சட்டம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் வெட்டுவதற்கு முன்னும் மூடுவதற்கு முன்னும் ஊசியையும் பஞ்சையும் எண்ணுவார்கள். திண்ணையிலும் எண்ணுகிறோம். பன்னிரண்டு ஊசி பிரித்தால் பன்னிரண்டும் பெட்டிக்குத் திரும்பும் வரை யாரும் எழும்புவதில்லை. பொம்மைக்குக் கண்ணாகப் பொத்தான் வைப்பதில்லை, நூலால் கண் தைக்கிறோம். தொட்டிலிலும் ஏணையிலும் பிள்ளையின் கைக்கெட்ட நீள நாடா கட்டுவதில்லை. ஆசையாகத் துண்டு ஒட்டிய தடித்த போர்வையை ஒரு வயது ஆகாத பிள்ளையோடு போட்டுத் தூங்கவைப்பதில்லை, தலையணையும் வேண்டாம், பிள்ளையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். அழகான போர்வையை எடுத்து வையுங்கள், நடக்கிற வயதில் இழுத்துக்கொண்டு திரியட்டும். வெளிச்சம் போடும், பாட்டுப் பாடும் பொம்மைகளிலுள்ள வட்ட பற்றரியைப் பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே அது உணவுக்குழாயைச் சுட்டுவிடும். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சகோதரிகளே, துண்டுத் துணி ஒட்டிப் பிள்ளைக்குப் போர்வை தைப்பது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா தைக்கிறார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆபிரிக்க வழிவந்த சித்திப் பெண்கள் கவந்தி என்ற போர்வையை வெளிக் கரையிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காமல் அது முடிந்ததாகாது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியிலும் ஆபிரிக்க வழிவந்த குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை எங்கள் சபை அறியும். எங்கெல்லாம் பெண்களுக்குக் கையில் காசு குறைவாகவும் மடியில் பிள்ளையும் இருந்ததோ, அங்கெல்லாம் பழந்துணி புதிதாயிற்று.

இதோடு உரையை முடித்தால் கைதட்டி வீட்டுக்குப் போகலாம். “தையல் தாய்மாரின் மனதை ஆற்றும்” என்று ஒரு வரி சேர்த்தால் மலரில் அழகாக இருக்கும். நாங்களும் அதை நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கைதான் எங்கள் கண்ணை மறைத்தது. அடுத்துச் சொல்வது அந்தத் தாயின் சம்மதத்தோடு. அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

மூன்றாவது பிள்ளை பெற்று இரண்டு மாதமான ஒரு தாய் கிளினிக்குக்கு வந்தாள். பிள்ளைக்கு நெஞ்சுப் பக்கம் சுருக்கு வேலை செய்த மஞ்சள் சட்டை. ஒவ்வொரு சுருக்கும் எண்ணி வைத்ததுபோல இருந்தது. பிள்ளையின் நிறை கோட்டில் சரியாகப் போகிறது. பால் கொடுக்கிறாள். நாங்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்து, “மாஷா அல்லாஹ், மூணு பிள்ளையோட இதுக்கும் நேரம் எடுக்கிறீங்களே” என்று புகழ்ந்தோம். மற்றத் தாய்மாருக்கு அவளை உதாரணம் காட்டினோம். அவள் சிரிக்கவில்லை. அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். எத்தனை மணிக்குத் தைக்கிறீங்க, எப்ப தூங்குறீங்க என்று கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் பிள்ளை கடைச் சட்டையோடு வந்தது. அதையும் நாங்கள் கவனிக்கவில்லை. எங்கள் மிட்வைஃப் மிஸ் கவனித்தார். மாமியாரைத் தனியாக அழைத்துக் கேட்டார். “அவ இப்ப மெஷின் பக்கமே போறதில்ல மிஸ். முந்தி விடிய விடியத் தச்சா. இப்ப சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா” என்றார் அந்த அம்மா. மிஸ் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பத்துக் கேள்வி கேட்டார். 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய கேள்விகள் அவை. தமிழிலும் சிங்களத்திலும் உண்டு. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் உங்களையே குற்றம் சொல்கிறீர்களா, தூக்கம் வருகிறதா என்று போகும். பத்தாவது கேள்வி, தனக்கே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது. ஒன்பதுக்கும் பதில் சொன்ன தாய் பத்தாவதுக்குப் பேசாமல் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அதுவே பதில்.

பிறகுதான் தெரிந்தது. முதல் மாதம் விடிய விடியத் தைத்தது மன நிம்மதிக்கல்ல. படுத்தால் பயங்கரமான எண்ணங்கள் வந்ததால் படுக்காமல் இருக்கத் தைத்திருக்கிறாள். அதோடு கடைக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய சட்டைகள், மெஷினுக்கு எடுத்த கடனின் கிழமைத் தவணை. நாங்கள் புகழ்ந்த ஒவ்வொரு சுருக்கும் அவள் தூங்காத ஒவ்வொரு நிமிடம்.

அன்றே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தாய்ப்பாலை நிறுத்தாமலே எடுக்கக்கூடிய மருந்து கொடுத்தார்கள். இரவில் பிள்ளையை மாமியார் பார்த்தார், பாலுக்கு மட்டும் தாயை எழுப்பினார். கணவர் கடலுக்குப் போகாத நாட்களில் மூத்த இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்தார். முதலில் அவருக்கு ஊர்ச் சிரிப்பு இருந்தது. பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. கடைக்காரரிடம் பேசி வேலையைத் தள்ளிப்போட்டோம். மெஷினை ஒரு துணியால் மூடி வைத்தார்கள். ஏழு மாதத்தில் அவள் எழும்பி வந்தாள். மெஷினின் துணியை எடுத்தது அவள்தான், யாரும் சொல்லவில்லை. அவள் முதலில் தைத்தது தனக்கு ஒரு சட்டை.

இதிலிருந்து நாங்கள் கற்றதைச் சொல்கிறோம். பிள்ளை பிறந்த முதல் நாட்களில் கண்ணீரும் சலிப்பும் வருவது வழமை, பொதுவாக இரண்டு கிழமைக்குள் போய்விடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அது நோய், சோம்பலோ நன்றிகெட்ட குணமோ அல்ல. வைத்தியருக்கும் வரும். எங்கள் ஏழு பேரில் இருவருக்கு வந்திருந்தது என்பதை இந்தத் தாயின் கதைக்குப் பிறகுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பல வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். யாருக்காவது அப்படித் தோன்றினால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. மலரில் பெரிய எழுத்தில் போடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டிருக்கிறோம்.

தையல் மனதை ஆற்றுமா? ஆற்றும், அது அவளுடைய தையலாக இருக்கும்போது. பிள்ளையை வேறொரு கை வாங்கியிருக்கும்போது. பக்கத்தில் பேச ஆள் இருக்கும்போது. தனியாக, நள்ளிரவில், தவணைக்காகத் தைப்பது வேலை. வேலைக்குக் கூலியும் ஓய்வும் வேண்டும். அதனால் திண்ணையில் இன்னும் இரண்டு சட்டம் சேர்த்தோம். ஒன்று, இரண்டு இரண்டு பேராக இருப்போம். ஒருத்தி தைத்தால் மற்றவள் இரண்டு பேரின் பிள்ளைகளையும் பார்ப்பாள், அரை மணிக்கு ஒருமுறை மாறுவோம். மற்றது, விற்கும் பொருளுக்கு விலை வைக்கும்போது துணியையும் நூலையும் மட்டும் எண்ணுவதில்லை, எடுத்த மணித்தியாலத்தையும் எழுதுவோம். “வீட்டில சும்மா இருக்கிற நேரத்தில தச்சது தானே” என்று விலை குறைக்கக் கேட்பவர்களுக்கு அந்தத் தாளைக் காட்டுவோம். கைப்பிள்ளைக்காரி சும்மா இருக்கும் நேரம் எது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

பல நாடுகளிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகள் இடைவேளையில் கேட்டீர்கள்: “திண்ணைக்கு என்ன அனுப்பலாம்? மெஷின் வாங்கித் தரவா?” நன்றி. மெஷின் அனுப்புவதற்கு முன் ஒன்று கேட்கிறோம். சிங்கர் மெஷின் இந்த நாட்டுக்கு வந்தது 1877இல். மெஷினுக்குப் பஞ்சமில்லை, அதைத் தவணைக்குத் தருபவர்களுக்கும் பஞ்சமில்லை. பிள்ளையை வாங்கிக்கொள்ளும் கைக்குத்தான் பஞ்சம். இங்கே இருப்பவர்கள் மாதத்தில் ஒரு பின்னேரம் வாருங்கள், தைக்கத் தெரிய வேண்டாம், பிள்ளை தூக்கத் தெரிந்தால் போதும். தொலைவில் இருப்பவர்கள் உங்கள் தெருவில் புதிதாகப் பிள்ளை பெற்றவள் வீட்டுக்குச் சோற்றுப் பார்சலோடு போய், பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். “பிள்ளை தூங்குதா?” என்று எல்லாரும் கேட்பார்கள். “நீங்க தூங்கினீங்களா?” என்று நீங்கள் கேளுங்கள். நல்ல மென்மையான பழைய சாரம் இருந்தால் அதையும் அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்ல மாட்டோம்.

கடைசியாக, உம்மாவின் பொபின் கேஸ். 1994இல் புத்தளத்தில் பழைய கால் மெஷின் ஒன்றை வாங்கினோம். அதில் பொபின் கேஸ் இல்லை, அதனால்தான் விலை மலிவு. உம்மா நாலு வருடம் சுருக்குப் பையில் வைத்திருந்ததை எடுத்துப் போட்டார். பொருந்திவிட்டது. எங்கள் வெள்ளைச் சீருடைகள் அதில்தான் தைத்தவை. இன்று அந்த மெஷின் எலுவன்குளத்துத் திண்ணையில் நிற்கிறது. உம்மாவுக்கு இப்போது கண் தெரிவது குறைவு, நாற்பதைத் தாண்டிய எங்களுக்கும் கிட்டப் பார்வை குறைந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கும் வேலையை இப்போது எட்டு வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள். மூக்கில் பட்டன் போட்டவன்தான் அவர்களுக்குத் தலைவன்.

டீச்சர், நூறு வருடத்தில் இந்தப் பாடசாலை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கும் என்று தெரியாது. உங்கள் அலுமாரியின் வெட்டுத்துண்டுகள் மட்டும் எங்களோடு எலுவன்குளம் வரை வந்துவிட்டன. அடுத்த மாதம் திண்ணைக்கு நீங்கள் வர வேண்டும். புள்ளி போட வேண்டாம், எங்களோடு உட்கார்ந்தால் போதும்.